சேலத்தில் டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகுமா?

சூரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெங்களூரில் பழைய யமஹா ஒய்இசட் 125, அதாவது மண் தடத்தில் பந்தயம் ஓட்டச் செய்த மோட்டோகிராஸ் பைக் ஒன்று, விலைக்கு வருகிறதாம். அவரிடம் ஏற்கெனவே ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. அதன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் மெக்கானிக் ஒருவரும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மாமாவுக்கு மலையடிவாரத்தில் நிலம், நண்பர் குடும்பத்துக்கு ஏற்காட்டில் எஸ்டேட். "வாங்கலாமா? சேலத்தில் வைத்துப் பராமரிக்க முடியுமா? ஆர்எக்ஸ் தெரிந்த மெக்கானிக் போதுமா?" என்பது கேள்வி.

பராமரிக்க முடியும், தம்பி. ஆனால் ஆர்எக்ஸ் வைத்திருந்த அனுபவம் இதில் பாதிக்குத்தான் கைகொடுக்கும். மீதிப் பாதியில் அந்த அனுபவமே உங்களையும் உங்கள் மெக்கானிக்கையும் தவறான வழியில் இழுத்துச் செல்லும். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிடலாம். மோட்டோகிராஸ் பைக்குக்கு முகப்பு விளக்கு இல்லை, இண்டிகேட்டர் இல்லை, ஹாரன் இல்லை. சாலைக்கென்று செய்யப்படாத வண்டி என்பதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யவும் முடியாது. அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரைகூட அதை ஓட்டிச் செல்லக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். போக வர ஒரு டாடா ஏஸ் வேண்டும், அல்லது பைக்கைப் படுக்காமல் கட்டிச் செல்லும் வண்டி ஏதாவது ஒன்று. சேர்வராயன் மலையில் காப்புக்காடு நிறைய; அனுமதியில்லாமல் அதற்குள் வண்டியோடு நுழைவது வனக் குற்றம். எஸ்டேட்டுக்குள் ஓட்டுவதென்றாலும் பழம் பறிக்கும் மாதங்களில் ஆட்கள் சரிவெங்கும் இருப்பார்கள், காட்டெருமை எந்த வளைவில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே மாமாவின் நிலம்தான் உங்கள் ஆடுகளம், எஸ்டேட் எப்போதாவது. சாலையிலும் போக வேண்டும், மண்ணிலும் புரள வேண்டும் என்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் போன்ற பதிவுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியே சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்குமுன் இறக்குமதி ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒய்இசட் வரிசையை யமஹா இந்தியாவில் கடை திறந்து விற்கவில்லை. தனியாகக் கொண்டுவரப்பட்டவைதான் கைமாறுகின்றன. 2024 நவம்பரில் கேடிஎம் தன் மோட்டோகிராஸ் வண்டிகளை இங்கே முறையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் டூ-ஸ்ட்ரோக் என்பவை 50, 65, 85 எஸ்எக்ஸ் ஆகிய சிறுவர் வண்டிகள் மட்டுமே. 250, 450 இரண்டும் ஃபோர்-ஸ்ட்ரோக். எனவே 125 வேண்டும் என்பவருக்குப் பழைய வண்டிச் சந்தையைத் தவிர வழி குறைவு. உதிரிபாகத்துக்கும் அதே கதைதான்: இன்று உடைந்து நாளை கிடைக்காது. பிஸ்டன் கிட், கேஸ்கெட் செட், கிளட்ச் லீவர், பிரேக் லீவர் ஆகியவை எப்போதும் அலமாரியில் இருக்க வேண்டும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100, 98 சிசி, 11 குதிரைத்திறன், காற்றில் குளிரும் எஞ்சின். ஒய்இசட் 125-இல் போர் (சிலிண்டரின் விட்டம்) 54 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) 54.5, ஏறத்தாழ 125 சிசி. கால் பங்கு பெரிய எஞ்சின் மூன்று மடங்குக்கும் சற்று அதிகமான சக்தியைத் தருகிறது. அந்தச் சக்தி எங்கிருந்தோ வர வேண்டுமல்லவா? நிமிடத்துக்கு 11,000 சுற்றைத் தொடும் வேகத்திலிருந்து வருகிறது. பிஸ்டனின் ஆயுளிலிருந்தும் வருகிறது. அதனால்தான் இந்த வண்டியில் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான். பிளக் வயரில் சுற்றும் சிறிய மணிக்காட்டி ஒன்றை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

ஆர்எக்ஸ் மெக்கானிக் முதலில் சறுக்கும் இடம் சிலிண்டர். ஆர்எக்ஸில் வார்ப்பிரும்பு லைனர், அதாவது உள்குழாய், இருக்கிறது. தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் போர் செய்து 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறோம். அடுத்த முறை 0.50, பிறகு 0.75, கடைசியில் 1.00. சேலத்தில் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் கைகள் நிறைய உண்டு. மோட்டோகிராஸ் சிலிண்டரோ முழுக்க அலுமினியம். அதன் உள்சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு ஒன்று இருக்கிறது; நிகாசில் என்பார்கள். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பழக்க தோஷத்தில் இதைப் போர் மெஷினில் ஏற்றினால் அத்துடன் அந்தப் பூச்சு போயிற்று.

பூச்சு இரும்பைவிடப் பல மடங்கு கடினமானது என்பதால் தேய்வது பிஸ்டனும் ரிங்கும்தான்; சிலிண்டர் பல பிஸ்டன்களைப் பார்த்துவிடும். பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துவிட்ட சிலிண்டரைத் திறந்தால் சுவரெல்லாம் கோடு கோடாக, பார்க்கவே பதைப்பாக இருக்கும். பெரும்பாலும் அது சுவரில் விழுந்த கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம். அந்தக் கோட்டின்மேல் மட்டும் பஞ்சுக் குச்சியால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு வைத்தால் நுரைத்துக் கரையும். உடனே துடைத்து, நிறைய நீரில் கழுவி, எண்ணெய் பூச வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் செய்யும் வேலை இது. நுரை நின்ற பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சிலிண்டர் பிழைத்தது. நுரை நிற்கவே இல்லை என்றால் பூச்சு உரிந்து அமிலம் அடியிலுள்ள அலுமினியத்தைத் தின்கிறது என்று அர்த்தம்; நிறுத்திவிடுங்கள். அப்போது மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும், அல்லது இரும்பு ஸ்லீவ் இறக்க வேண்டும். ஸ்லீவ் செலவு குறைவு, உள்ளூரிலேயே முடியும். ஆனால் வெப்பம் கடத்துவதில் மட்டம், போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள வாயில்) விளிம்புகளை ஒழுங்காக மழுக்காவிட்டால் ரிங் சிக்கி உடையும். எனக்கு ஸ்லீவில் மனம் ஒப்புவதில்லை. பந்தயத்துக்குப் போகாத வண்டிக்குப் பரவாயில்லை என்று மட்டும் சொல்வேன்.

அடுத்தது எண்ணெய். ஆர்எக்ஸில் ஆட்டோலூப் பம்ப் இருக்கிறது. தனி டேங்கில் 2டி ஆயில் ஊற்றிவிட்டு மறந்துவிடலாம். இதில் பம்ப் இல்லை. பழைய ஸ்கூட்டர்களுக்குச் செய்ததுபோல் பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்ற வேண்டும். ஒய்இசட் 125-க்குக் கையேடு சொல்லும் விகிதம் 30-க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 167 மில்லி. அளவுக் குவளையில் அளந்து, கேனில் முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு ஆயில், பிறகு மீதிப் பெட்ரோல், மூடிக் குலுக்கல். "கொஞ்சம் கூடப் போனால் நல்லதுதானே" என்று கைக்கணக்கில் ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. எஞ்சின் லீனாகத்தான், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவையில்தான், போகிறது. சாதாரண 2டி ஆயில் ஸ்கூட்டர் வேகத்துக்குச் செய்தது. இதற்கு ஜாசோ (ஜப்பானியத் தரக்குறியீடு) எஃப்டி தரத்திலோ பந்தயத்துக்கென்றோ வரும் முழுச் செயற்கை ஆயில் வேண்டும். சிக்கனம் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன.

இப்போது சேலத்துக்காரர் படும் பாட்டுக்கு வருகிறேன்: ஜெட்டிங், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டைப் பொருத்தமான அளவில் போடுவது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால் மேலே காற்றின் அடர்த்தி 13, 14 சதவீதம்போலக் குறைவு. அங்கே குளிர் அதிகம் என்பதால் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கீழே பொருத்திய ஜெட்டோடு மேலே போனால் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும். புகை கூடும், நடு வேகத்தில் இருமும், பிளக் கறுக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் எஞ்சினுக்கு ஆபத்தில்லை. மெயின் ஜெட்டை ஓரிரு படி குறைத்தால் வண்டி கத்திபோல் ஓடும்.

ஆபத்து இறங்கும்போதுதான். மேலே இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ஜெட்டை மாற்றாமல் கீழே கொண்டுவந்து, அடுத்த வாரம் மாமா நிலத்தில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குச் சிறிய ஜெட். கலவை லீன். கலவை லீன் என்றால் வெப்பமும் கூடும், பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறையும். இரண்டும் சேர்ந்து எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனைப் பிடிக்கும். கெட்டதில் கெட்டது என்னவென்றால், பிடிப்பதற்கு முந்தைய நிமிடம் வரை வண்டி அருமையாக இழுக்கும். மேலே ஜெட் மாற்றிய கையோடு ஹேண்டில்பாரில் "ஏற்காடு ஜெட்" என்று எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். ஜெட்டைத் திரும்ப மாற்றி அதை அவிழ்க்காமல் கீழே கிக் அடிக்கக் கூடாது.

பெட்ரோலும் இதில் சேர்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். பழைய கையேட்டில் எழுதிய ஜெட் அளவு கலப்பில்லாத பெட்ரோலை மனத்தில் வைத்து எழுதியது. அதைச் சேலத்தில் அப்படியே பின்பற்றினால் ஆரம்பமே லீன். ஒன்றிரண்டு படி பெரிய மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குங்கள். மிக்குனி எண்ணும் கெய்ஹின் எண்ணும் ஒன்றல்ல, பார்த்து வாங்குங்கள். சரிபார்க்கும் முறை பழையதுதான்: புதிய பிளக், நீண்ட நேர்பாதை, மேல் கியரில் முழு ஆக்சிலேட்டர், அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் இருந்தால் நன்று. வெளுத்திருந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். கலந்த பெட்ரோலை இரண்டு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். மிஞ்சியதை ஆர்எக்ஸுக்கு ஊற்றலாம், கொஞ்சம் புகையும், அவ்வளவுதான்.

எல்லாரும் அக்னி நட்சத்திரத்துக்குப் பயப்படுகிறார்கள். வெயிலில் ரேடியேட்டர் கொதிப்பது உண்மைதான். இதில் மின்விசிறி கிடையாது, நின்ற இடத்தில் உறும விடக் கூடாது. ஆனால் பிஸ்டன் பிடிப்பதற்கு வாகான நேரம் மார்கழிக் காலை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எனவே கலவை லீன். அத்துடன் எஞ்சினும் குளிர்ந்திருக்கும்: பிஸ்டன் சீக்கிரம் விரியும், தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் மெதுவாக விரியும். அவசரப்பட்டு முறுக்கினால் பிஸ்டனின் நான்கு பக்கமும் உரசும். ரேடியேட்டரின் பக்கவாட்டைத் தொட்டால் கை சூடு உணரும் வரை மெதுவாக ஓட விடுங்கள்.

இறக்கத்தைப் பற்றி இன்னொன்று. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் எண்ணெயும் போகாது. எஞ்சின் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் பழகியவர்களுக்கு எஞ்சின் பிரேக்கில் இறங்குவது நல்ல பழக்கம். இங்கே அது பிஸ்டனுக்குப் பட்டினி. எஸ்டேட் சரிவில் நீண்ட இறக்கம் வந்தால் கிளட்சைப் பிடித்துப் பிரேக்கில் இறங்குங்கள், இடையிடையே ஆக்சிலேட்டரை ஒரு சிறு முறுக்கு முறுக்கி எண்ணெய் கொடுங்கள்.

ஏர் ஃபில்டரில் நான் கறார். செட்டிச்சாவடிப் பக்கம் மாக்னசைட்டின் வெண்தூசி பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் அது மென்மையான தாது. உண்மையில் அரைப்பது செம்மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் மணல். ஃபில்டர் வழியே ஒரு சிட்டிகை போனாலும் ரிங்கின் ஆயுளில் பாதி போய்விடும். ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் சுத்தமான ஃபில்டர் வேண்டும். மூன்று ஃபோம் வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் போடலாம். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப்பசை விட்டுவிடும். மண்ணெண்ணெயிலோ ஃபில்டர் கிளீனரிலோ அலசி, பிறகு சோப்பு நீரில் கழுவுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்காமல் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தி, நிழலில் காய விடுங்கள். முழுதும் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயிலை ஊற்றி ஃபோம் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். விரலை வைத்து எடுத்தால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும். விளிம்பில் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். பொருத்துமுன் வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்ளே துடைத்துப் பாருங்கள். துணியில் மண் தெரிந்தால் ஃபில்டர் விளிம்பு எங்கோ சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடலாம். கியர் ஆயில் முக்கால் லிட்டர்கூட ஆகாது. ஐந்தாறு மணி ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஜாசோ எம்ஏ தரம், கார் ஆயில் வேண்டாம். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது, உப்புப் படிந்து அடைத்துவிடும்; அலுமினியத்துக்கான கூலண்ட் மட்டும். ஓட்டத்துக்குப் பிறகு ஸ்போக்குகளைத் தட்டி ஓசை பாருங்கள், ஸ்பிராக்கெட் போல்ட்டுகளை முடுக்குங்கள். ஃபோர்க் ஆயிலை இருபது முப்பது மணிக்கு ஒருமுறை மாற்றினால் சீல் பிழைக்கும். பின் சஸ்பென்ஷன் லிங்க்கேஜைக் கழற்றி கிரீஸ் வைப்பதை எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிஸ்டன் கணக்கு: பந்தயத்தில் பிழிபவர் 15 முதல் 20 மணிக்குள் மாற்றிவிடுவார். உங்களைப்போல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுபவருக்கு 30, 40 மணி வரை போகும். எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கச் சுவர் தெரியும்; செங்குத்துக் கோடுகள் ஆழமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். பிஸ்டன் மாற்றும்போதே பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் பேரிங், எக்ஸாஸ்ட் வாயிலின் உயரத்தை மாற்றும் பவர் வால்வில் படிந்த கரி, கலவையை உள்ளே விட்டுத் திரும்ப விடாத ரீட் இதழ்களின் விளிம்பு மூன்றையும் பாருங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளதுபோல் ஹெட்டில் வால்வ், டைமிங் செயின், கேம் எதுவும் கிடையாது என்பதால் வீட்டு முற்றத்தில் ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபோர்-ஸ்ட்ரோக் 250-ஐவிட இதை நான் விரும்புகிறேன். கிரேங்க் அப்படியல்ல, எஞ்சினையே பிளக்க வேண்டும், அழுத்திப் பொருத்தி நேர் பார்க்கத் தெரிந்த கை வேண்டும். உங்கள் ஆர்எக்ஸ் மெக்கானிக்கின் திறமை முழுதாகப் பயன்படும் இடம் அதுதான்.

பெங்களூருக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். போவதற்கு முன்பே விற்பவரிடம் வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை கிக்கில் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். கிக்கரைக் கையால் அழுத்தினால் முரண்டு பிடிக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு இறங்கினால் ரிங் தேய்ந்தது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கினால் இடப்பக்க கிரேங்க் சீலில் காற்று நுழையலாம். சூடான பிறகும் வெண்புகை ஓயாமல் வந்து கியர் ஆயில் குறைந்துகொண்டே போனால் வலப்பக்க சீல் போய்விட்டது. ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொண்டால் பிஸ்டனைக் கீழே இறக்கிச் சிலிண்டர் சுவரைப் பாருங்கள், சிலிண்டரையும் கழற்ற விட்டால் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், மேல்கீழாகத் துளியும் அசையக் கூடாது. "போன மாதம்தான் புதிய பிஸ்டன் போட்டேன்" என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். பழைய பிஸ்டனையும் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். எதையும் காட்டவில்லை, ஹெட்டைத் திறக்கவும் விடவில்லை என்றால் பிஸ்டன் கிட், கிரேங்க், சீல், பேரிங், ஒரு மறுபூச்சு இவ்வளவுக்கும் ஆகும் செலவைக் கூட்டி, அவர் சொன்ன விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். அதற்கு அவர் இறங்கி வந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.